ரேஸ்கோர்ஸில் ஒரு சாயங்காலம்

ஜிகர்தண்டா குடிச்சாச்சா? அப்படியே வைகையைத் தாண்டி ரேஸ்கோர்ஸ் ஸ்டேடியத்துக்கு வாங்க பாஸ். வாக்கிங் கூட்டத்தை விட்டுட்டு டென்னிஸ் கோர்ட் ஓரமா உட்காருங்க. எங்க வீட்டுச் சண்டை நடக்கிற இடம் இதுதான்.

தாத்தாவுக்கு ராமநாதன் கிருஷ்ணன்தான் உசுரு. 1954-ல் விம்பிள்டன் ஜூனியர் சாம்பியன். 1960, 1961-ல் அரையிறுதி. அப்பாவுக்கு அவர் மகன் ரமேஷ். சரியா 25 வருஷம் கழிச்சு, 1979-ல் அதே ஜூனியர் பட்டம்!

நான் நடால் கட்சி. 2008 சென்னை ஓபன் அரையிறுதியில மோயாவை ஜெயிக்க அவருக்குக் கிட்டத்தட்ட 4 மணி நேரம் ஆச்சு. அப்ப நான் கைக்குழந்தை மாதிரி. வளர்ந்து பஸ் ஏறலாம்னா, 2017-ஓட அந்தப் போட்டியே புனேவுக்குப் போயிடுச்சு. 2024-ல் நடாலும் ஓய்வு. அன்னைக்கு மட்டும் தாத்தா என்னைக் கிண்டல் பண்ணலை.

போன வாரம் இங்க பந்து பொறுக்கிட்டிருந்த பொடியன் அல்காரஸ் ரசிகனாம். நடாலைப் பத்தி ஆரம்பிச்சேன்.

“நடாலா? அவர் எங்கப்பா ஆளுண்ணே!”