கரிசல் வெயிலில் எடுத்த படங்கள்

விருதுநகர் புகைவண்டி நிலையத்தில் நாம் ஐவரும் இறங்கியபோது காலை ஆறரை மணி. கையில் இரண்டு காமிராக்கள். பைகளில் ஐந்து கைப்பேசிகள். ஆசிரியை ஒருவர், அஞ்சலகப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர், கல்லூரி மாணவர் இருவர், இக்கட்டுரை எழுதும் நாம். எவரும் தொழில்முறைப் படப்பிடிப்பாளர் அல்லர். ஊர் பார்க்கப் போவோம், பார்த்ததைப் படமெடுப்போம், திரும்பி வந்து சுற்றத்தாரிடம் காட்டுவோம், அவர்களும் "அருமை, அருமை" என்பார்கள். அந்த "அருமை" கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. ஆகவே இம்முறை வேறோர் ஏற்பாடு செய்திருந்தோம். சிவகாசியில் நெடுங்காலம் ஸ்டூடியோ நடத்தி, கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்ட பெரியவர் ஒருவரிடம், "மாலையில் படங்களைக் கொண்டு வருகிறோம், ஒளிவு மறைவின்றிச் சொல்ல வேண்டும்" என்று கேட்டுக்கொண்டிருந்தோம். ஊர் வழக்கப்படி அவரை அண்ணாச்சி என்றே இங்குக் குறிப்போம்.

விருதுநகரில் யாவரும் முதலில் செல்லும் இடத்திற்கே நாமும் சென்றோம். 1903ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் நாள் காமராசர் பிறந்த ஊர் இது. அப்போது இதன் பெயர் விருதுபட்டி. அவர் வளர்ந்த எளிய வீடு இன்று நினைவு இல்லம். தமிழ்நாட்டை ஒன்பதாண்டுகள் ஆண்டவரின் வீடு இவ்வளவுதானா என்று வியந்து, ஐவரும் தெருவில் நின்று ஐந்து படங்கள் எடுத்தோம். பிறகு கடைத்தெரு. மிளகாய் வற்றல், பருப்பு, எண்ணெய் ஆகியவற்றின் விருதுநகர்ச் சந்தை விலையை நாளேடுகள் தனியே வெளியிடுவதுண்டு அல்லவா? அந்தச் சந்தையின் வற்றல் மூட்டைகளுக்கு நடுவே தும்மிக்கொண்டே படமெடுத்தோம். எண்ணெயில் பொரித்தெடுத்த பரோட்டாவை நண்பகலுக்கு முன்பே உண்டது படக்கலைக்குத் தொடர்பற்ற செய்தி. எனினும் குறிப்பிடாமல் விட மனமில்லை.

ஆமத்தூர் வழியே செல்லும் சாலையில் திருத்தங்கல் பெருமாள் கோயில் குன்றை உச்சி வெயிலில் படமெடுத்துவிட்டுச் சிவகாசியைக் கடந்து மேற்கே போனோம். கரிசல் காட்டில் வேப்பமரங்களுக்கு இடையே, ஒன்றுக்கொன்று எட்டி நிற்கும் சிறு சிறு அறைகளே பட்டாசு ஆலை. ஓர் அறையில் தீப்பிடித்தால் அடுத்த அறைக்குத் தாவாதிருக்கவே இந்த இடைவெளி. ஓரறையில் இத்தனை பேர்தாம் இருக்கலாம், இவ்வளவு மருந்துதான் இருக்கலாம் என்று சட்டம் உண்டு. அவ்விதி மீறப்பட்ட இடங்களில் நேர்ந்தவற்றை இவ்வட்டாரம் மறக்கவில்லை. 2012ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியில் நிகழ்ந்த வெடிவிபத்தில் ஏறக்குறைய 40 பேர் மாண்டனர். வேடிக்கை பார்க்கவும் உதவி செய்யவும் ஓடி வந்தோரும் அதில் அடங்குவர். ஆலை வாயிலில் கைப்பேசியை வாங்கி வைத்துவிடுகிறார்கள். ஆகவே உள்ளே நாம் படமெடுக்கவில்லை. மாலையில் வெளியே, தேநீர்க் கடையோரம் வந்து நின்ற கம்பெனி வண்டியில்தான் நமக்கு அந்தப் படம் கிடைத்தது.

சன்னல் கம்பியைப் பற்றிய இரண்டு கைகள். அலுமினியப் பொடி படிந்து, முழங்கை வரை வெள்ளியில் வார்த்தவை போல மின்னின. கைகளுக்கு மேலே களைத்த ஒரு முகம். சாய்ந்த வெயில் பக்கவாட்டில் விழுந்தது. அந்த அம்மாளிடம் சைகையால் கேட்டோம், அவரும் தலையசைத்தார். வண்டி புறப்படுமுன் ஆசிரியை அவரிடம் பேசி ஊரைக் கேட்டுக்கொண்டார். இதழுக்கு இதுவே முகப்புப் படம் என்று மனத்துள் அப்போதே முடிவு செய்துவிட்டோம்.

அண்ணாச்சி வீட்டுத் திண்ணையில் நீள மேசை போட்டிருந்தது. மகனுடைய கடையில் படங்களை அச்சிட்டு வரச் சொல்லியிருந்தார். கைப்பேசித் திரையில் பார்ப்பதை அவர் ஒப்புவதில்லை. அச்சகத்தில் வண்ணப் பிரிப்பு வேலை பார்க்கும் நண்பர் ஒருவரையும் அழைத்திருந்தார்.

"ரெண்டே சட்டம். படம் எடுத்தவுக கடைசி வரைக்கும் வாயத் திறக்கக் கூடாது. பாக்குறவுக 'நல்லா இருக்கு'ன்னு சொல்லக் கூடாது. என்ன தெரியுதோ அத மட்டும் முதல்ல சொல்லுங்க."

காமராசர் வீட்டுப் படங்கள் ஐந்தையும் வரிசையாகப் பரப்பி, "இதுல எது யாரு எடுத்தது?" என்றார். நமக்கே தெரியவில்லை. ஆறாவதாக ஆசிரியை எடுத்த ஒன்றை எடுத்து வைத்தார். வாயிற்படியில் குனிந்து செருப்பைக் கழற்றும் ஒரு முதியவர். வீடு அதில் பாதிதான் தெரிந்தது. ஒருவரும் விளக்கவில்லை. அண்ணாச்சியும் அடுத்த படத்திற்குப் போய்விட்டார்.

அஞ்சலக நண்பரின் கோயில் குன்று சற்றே இடப்புறம் சரிந்திருந்தது. வானம் வெள்ளைத் தாளாக வெளுத்திருந்தது. மாணவருள் ஒருவர், "சார், போரடிக்குது" என்றார். நண்பரின் முகம் சுருங்கியது. அண்ணாச்சி மாணவர் பக்கம் திரும்பினார். "போரடிக்குதுன்னா அது ஒன் சங்கதி, தம்பி. ஒங்கண்ணு எங்க போச்சு, எங்க நிக்காம வெளிய வந்துச்சு, அதச் சொல்லு. அவருக்கு ஒதவும்." மாணவர் மறுபடி பார்த்தார். கண் நேரே வெள்ளை வானத்துக்குப் போகிறது, அங்கே ஒன்றுமில்லை, பாறையின் மேடு பள்ளம் தெரியவில்லை என்றார். "இப்பச் சரி. பன்னெண்டு மணி வெயிலு தலைக்கு நேரா விழுந்தா நெழலு இல்ல. நெழலு இல்லன்னா பாறை தட்டையாப் போகும். காலைல ஏழு மணிக்கு வாங்க." நண்பர் தம் நாட்குறிப்பில் ஏழு மணி என்று எழுதிக்கொண்டதைக் கண்டோம்.

வற்றல் மூட்டைப் படத்தைப் பார்த்து அச்சக நண்பர் சிரித்தார். கைப்பேசியில் சிவப்பைக் கூட்டியிருந்தோம். திரை தானே ஒளி விடுவது. தாளோ பிறர் ஒளியை வாங்கித் திருப்புவது. நீலம், கருஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்னும் நான்கு மைகளுக்குள் அடங்காத சிவப்பைக் கேட்டால், அச்சில் அது தக்காளிச் சாறாகத்தான் வரும் என்றார். பூதக்கண்ணாடியை வைத்து வண்ணப் புள்ளிகளையும் காட்டினார்.

இவ்வாறு பிறர் கண்ணுக்கு முன் படத்தை வைப்பது நம் நாட்டுக்குப் புதிதன்று. சென்னைக் கலைப்பள்ளியை 1850இல் தொடங்கிய அலெக்சாந்தர் ஹன்டர் என்னும் மருத்துவரே, சில ஆண்டுகளில் அந்நகரில் படப்பிடிப்பாளர் சங்கம் உருவாகவும் முன்னின்றார். 1857ஐத் தன் தொடக்க ஆண்டாகக் கொள்ளும் அச்சங்கம் இன்றும் இயங்குகிறது. 1858இல் மதுரைக்கு வந்து கோயிலையும் நாயக்கர் அரண்மனையையும் படமெடுத்த லின்னேயஸ் டிரைப், தம் காகித நெகட்டிவ்களில் வெறுமையாய் விழுந்த வானத்துக்கு வண்ணம் தீட்டி மேகம் சேர்த்தார். நம் அஞ்சலக நண்பரின் வானத்துக்கும் அதே நோய்தான். அதே கலைப்பள்ளியில் பயின்ற கொண்டையராஜு (1898–1976) பின்னாளில் கோவில்பட்டியில் அமர்ந்து வரைந்த தெய்வப் படங்கள், சிவகாசி அச்சகங்களில் நாட்காட்டிகளாகி வீடுதோறும் சுவரேறின. 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் தேவைப்பட்டது. அதற்கென அச்சகம் வந்தது. நாம் படம் காட்டிய திண்ணை வரை அந்த நூல் நீள்கிறது.

கடைசியாக நம் படம். சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. நாம் உள்ளூர மகிழ்ந்தோம். கைகள் தெரிகின்றன, வெளிச்சம் தெரிகிறது, களைப்புத் தெரிகிறது என்று ஒவ்வொன்றாய்ச் சொன்னார்கள். அச்சக நண்பர் பூதக்கண்ணாடியை முகத்தருகே நகர்த்தினார்.

"வண்டில கம்பெனி பேரு பாதி தெரியுது. முகம் முழுசாத் தெரியுது. இது அச்சுல வந்தா, போர்மேன் அந்தம்மாவக் கூப்பிட்டு என்ன கேப்பாருன்னு நினைக்கிறீங்க?"

சட்டத்தை மீறி நாம் வாய் திறந்தோம். திறந்ததோடு நில்லாமல் நெடுநேரம் பேசினோம். இவ்வூரின் உழைப்பை உலகம் அறிய வேண்டாமா? குழந்தைகள் தீப்பெட்டி ஒட்டியதைப் படங்கள் காட்டியதால் அல்லவா நாடு விழித்தது? சலம் பென்னூர்கர் 1990இல் எடுத்த "குட்டி ஜப்பானின் குழந்தைகள்" என்னும் ஆவணப்படத்தைச் சொன்னோம். 1986இன் சட்டத்தையும், சிவகாசிக் குழந்தைகளைப் பற்றி உச்சநீதிமன்றம் 1996 டிசம்பரில் அளித்த தீர்ப்பையும் சொன்னோம். அண்ணாச்சி குறுக்கிடாமல் கேட்டார்.

"எல்லாம் சரித்தான். அதெல்லாம் வேண்டியிருந்த படம். இது யாருக்கு வேண்டியிருக்கு? அந்தம்மாவுக்கா, ஒங்களுக்கா? எனக்குத் தெரியல. அவுகளையே கேட்டுட்டு வாங்க."

நமக்குச் சுருக்கென்றது. அன்றிரவே முகத்தையும் வண்டியின் பெயரையும் நீக்கி, கைகள் மட்டும் நிற்குமாறு வெட்டினோம். படம் முன்னிலும் வலுப்பெற்றதாகவே தோன்றியது. மறுநாள் ஞாயிறு. அதையும் முழுப் படத்தையும் எடுத்துக்கொண்டு அந்த அம்மாளின் ஊருக்குப் போனோம்.

முற்றத்தில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தவர் முந்தானையில் கையைத் துடைத்துவிட்டுப் படத்தை வாங்கினார். வெட்டிய படத்தையே நெடுநேரம் பார்த்தார். பிறகு நம்மிடம் அல்ல, ஆசிரியையிடம் சொன்னார்:

"கை கழுவாம வண்டியேறுன மாதிரி இருக்கே, டீச்சர். நாங்க நல்லாத் தேச்சுக் கழுவிட்டுத்தான் கெளம்புவோம். இது கழுவுனாலும் போகாதது."

ஆசிரியை தலையசைத்தார்.

"மூஞ்சி இல்லன்னாலும் எம்பொண்ணுக்கு இது எங்கையின்னு தெரியும். பத்தாவது படிக்கா. பள்ளிக்கூடத்துல பிள்ளைகளோட அவளும் பாப்பால்ல? வேண்டாம்."

அவ்வளவே. கோபமில்லை. முழுப் படத்தைத் தமக்கு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார், கொடுத்தோம். கைப்பேசியில் இருந்ததை அவர் எதிரிலேயே அழித்தோம். அழிக்கும்போது விரல் ஒரு கணம் தயங்கியதை மறைக்க விரும்பவில்லை. இக்கட்டுரையுடன் அப்படம் இராததற்குக் காரணம் இதுவே.

புறப்படும்போது, "எடுக்கறதுன்னா எங்க ரெண்டு பேரையும் வாசல்ல வச்சு எடுங்க" என்றார். உள்ளே போய், தீபாவளிக்கு எடுத்த பச்சைச் சேலையை உடுத்தி வந்தார். மகள் வெட்கப்பட்டுக்கொண்டே பக்கத்தில் நின்றாள். சூரியன் வீட்டின் பின்னால் இருந்தது. முகத்தில் நிழல் விழுமே என்று ஆசிரியை எச்சரித்தும், வாசல் முன்தான் வேண்டும் என்றார் அந்த அம்மாள்.

அச்சிட்டுக் கொண்டு போய்க் காட்டியபோது அண்ணாச்சி முதலில் சொன்னதும் அதையேதான்: "வெளிச்சத்துக்கு எதிரா எடுத்திருக்கீங்க. கதவத் தெறந்து வச்சு, வாசலுக்கு வெளிய ஒரு வெள்ள வேட்டியப் பிடிக்கச் சொல்லியிருந்தா மூஞ்சி தெளிஞ்சிருக்கும்." குறித்துக்கொண்டோம். அந்த அம்மாளுக்கு ஒரு பிரதியை அஞ்சலில் அனுப்பினோம். பத்து நாள் கழித்து மகள் ஆசிரியையிடம் தொலைபேசியில் பேசினாள். படம் வந்துவிட்டதாம், அம்மாவுக்குப் பிடித்திருக்கிறதாம், ஆனால் விடியற்காலையில் அம்மா போட்ட கோலம் பாதியில் வெட்டுப்பட்டிருக்கிறதாம். மூலப்படத்தைத் தேடிப் பார்த்தோம். கீழே கோலம் முழுமையாகத்தான் இருந்தது. சட்டத்துக்குள் அடங்கட்டும் என்று அச்சிடும்போது நாம்தான் நறுக்கியிருந்தோம். மறு அச்சு எடுத்து அனுப்பியிருக்கிறோம்.