பதினைந்துக்கு ஒன்று

கல்யாணமாகி இருபது வருஷம் ஆனவர்கள் ஜோடியாகப் பாலைவனத்துக்குப் போகலாமா? தாராளமாகப் போகலாம். ஆனால், ஒன்றைத் தெரிந்துகொண்டு போங்கள். ஊட்டி, கொடைக்கானலில் அருவி, ஏரி, பஜ்ஜிக் கடை என்று பார்ப்பதற்கும் பேசுவதற்கும் ஏதாவது கிடைத்துக்கொண்டே இருக்கும். பாலைவனத்தில் அந்த வசதி கிடையாது. காருக்குள் நீங்கள் இருவர் மட்டும்தான்.

போன ஜனவரியில் நாங்கள் போனோம். பெண் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போனபிறகு எங்கள் வீட்டில் பேச்சு குறைந்துபோயிருந்தது. சண்டை எதுவும் இல்லை. 'கேஸ் புக் பண்ணியாச்சா?', 'ஈ.பி. பில் கட்டியாச்சா?' இவ்வளவுதான். ஜோத்பூரில் வாடகைக்கு ஒரு கார் எடுத்தோம். ஜெய்சல்மேர் சுமார் 280 கிலோமீட்டர். ரோடு ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி போகிறது. இரண்டு பக்கமும் மணல், முள் புதர், நடுநடுவே கேஜ்ரி மரம். வேறொன்றும் இல்லை, நம்மூர்க் கோயில்களில் தல விருட்சமாக நிற்கிறதே, அந்த வன்னிமரம்தான். அதைப் பற்றி ஐந்து நிமிஷம் பேசினோம். அப்புறம் செல்போன் சிக்னலும் போய்விட்டது.

வழியில் பொக்ரான். 1974-லும் 1998-லும் அணுகுண்டு சோதனை நடந்ததே, அந்தப் பகுதிதான். என் மனைவி தன் குண்டை அங்கேதான் போட்டாள்.

"2013-ல எனக்கு ப்ரமோஷன் வந்துச்சு தெரியுமா? நாக்பூர் போஸ்டிங். வேண்டாம்னு எழுதிக் கொடுத்துட்டேன்."

அவள் வேலை பார்ப்பது ஒரு வங்கியில். இத்தனை வருஷத்தில் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"ஏன் சொல்லலை?"

"சொல்லியிருந்தா நீங்க போகச் சொல்லியிருப்பீங்க. அப்ப உங்களுக்கு நைட் டூட்டி. அவ ஒண்ணாங் கிளாஸ். அதான் சொல்லலை."

நூறு கிலோமீட்டருக்கு மேல் பாக்கி இருந்தது. நான் வண்டியை மட்டும் ஓட்டினேன்.

மறுநாள் ஜெய்சல்மேருக்கு மேற்கே குல்தாராவுக்குப் போனோம். பாலிவால் பிராமணர்கள் வாழ்ந்த ஊர். 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காலியாகிவிட்டது. இன்று கூரையில்லாத கல் வீடுகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. திவான் சலீம் சிங்கின் கொடுமை தாங்காமல் 84 ஊர்க்காரர்களும் ஒரே ராத்திரியில் கிளம்பிவிட்டதாகக் கைடு கதை சொல்கிறார். தண்ணீர் வற்றியதுதான் காரணம் என்று சொல்பவர்களும் உண்டு. "84 ஊரும் ஒரே ராத்திரியிலயா? நம்ம வீட்ல ரெண்டு பேர் சினிமாவுக்குக் கிளம்பவே ஒண்ணரை மணி நேரம் ஆகுது" என்றாள். முதல் நாளுக்கு அப்புறம் அப்போதுதான் சிரித்தோம்.

நான் உங்களிடம் சொல்ல வந்தது அந்த ஊர்க்காரர்கள் விட்டுப்போன ஒரு வித்தையைப் பற்றி. அதன் பெயர் காடீன். ஜெய்சல்மேரில் வருஷத்துக்கு 200 மில்லிமீட்டர் மழை பெய்தாலே பெரிய விஷயம். சென்னையில் சுமார் 1,400. அந்த 200-ஐ வைத்துக்கொண்டு அவர்கள் கோதுமையும் கடலையும் விளைய வைத்தார்கள். எப்படி?

பாறையும் சரளையுமாக ஒரு மேட்டு நிலம். அதில் பெய்யும் மழை வழிந்து கீழே பள்ளத்துக்கு ஓடிவரும். பள்ளத்தின் தாழ்ந்த பக்கத்தில் நீளமாக ஒரு மண் கரை. தண்ணீர் தேங்கி, மெதுவாக மண்ணுக்குள் இறங்கும். மழைக்காலம் முடிந்து தண்ணீர் வற்றியதும் அந்த ஈரத்திலேயே விதைப்பார்கள். கிணறு, மோட்டார் எதுவும் வேண்டாம். இன்றும் இது நடக்கிறது. நாங்கள் போனபோது சுற்றிலும் பொட்டல், நடுவில் முழங்கால் உயரத்துக்குக் கோதுமை. கண்ணை நம்ப முடியவில்லை.

வயலில் இருந்த பெரியவரிடம் என் மனைவிதான் பேசினாள். என் ஹிந்தி 'கித்னா'வோடு முடிந்துவிடும். ஒரு ஏக்கர் பச்சையாக இருக்க, மேலே பத்து, பதினைந்து ஏக்கர் பொட்டலாகக் கிடந்து தண்ணீர் தர வேண்டுமாம். மேட்டைக் கெடுத்தால் பள்ளத்தில் விளைச்சல் இல்லையாம்.

அவள் அந்த மேட்டையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பெரியவரிடம் ஏதோ கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார்.

"என்ன கேட்டே?"

"வயல் உங்க பேர்ல இருக்கு, அந்தப் பதினஞ்சு ஏக்கர் யார் பேர்ல இருக்குன்னு கேட்டேன். யார் பேர்லயும் இல்லையாம். ஆடு மேயற பொது இடமாம்."

அதற்குமேல் அவள் எதுவும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இல்லை.

நான் பி.காம். படித்தவன். வரவு, செலவு, சொத்து, கடன் எல்லாவற்றுக்கும் ஒரு பத்தி உண்டு என்று மூன்று வருஷம் சொல்லிக் கொடுத்தார்கள். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த ஒரு ப்ரமோஷனை எந்தப் பத்தியில் எழுதுவது? எங்கள் பெண்ணின் மார்க் ஷீட், என் பெயரோடு அச்சாகும் இந்தப் பக்கம், எல்லாம் அந்த ஒரு ஏக்கர். வருகிறவர்கள் அதைத்தான் பார்க்கிறார்கள், பாராட்டுகிறார்கள்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு மேடு இருக்கும். மனைவியாக இருக்கலாம். படிப்பை நிறுத்திக்கொண்டு தம்பியைப் படிக்க வைத்த அக்காவாகவோ, வெளிநாட்டு வேலையை வேண்டாம் என்ற அப்பாவாகவோ இருக்கலாம். அவர்களாகச் சொல்லமாட்டார்கள். சிக்னல் இல்லாத ரோடு ஒன்றில் நூறு கிலோமீட்டர் கூட்டிப்போய்ப் பாருங்கள்.

சென்ற வாரம் அவள் ஆபீஸில் மறுபடி ப்ரமோஷன் சர்க்குலர் வந்திருக்கிறது. இந்த முறை அதை வீட்டுக்கே எடுத்துவந்து டைனிங் டேபிளில் வைத்தாள். எங்கே போட்டாலும் போவதாக இருக்கிறாள். துவரம்பருப்புக்குக் குக்கரில் எத்தனை விசில் என்று நேற்று கேட்டுக் குறித்துக்கொண்டேன். நாலு.