அடுப்படிக்கும் ஒரு கஸ்ர்

நம் வீடுகளில் பயணப் பேச்சு எடுத்தால் இரண்டு கேள்விகள் முந்திக்கொண்டு வரும். சாப்பாடு ஹலாலாகக் கிடைக்குமா? பெண்கள் தொழ ஒதுக்கமான இடம் இருக்குமா? இவற்றுக்கு விடை கிடைக்காமலே பல பயணங்கள் வீட்டு வாசலைத் தாண்டாமல் நின்றுவிடுகின்றன. மூன்றாவது கேள்வி செலவைப் பற்றியது. அதை ஆண்கள் கேட்டுக்கொள்வார்கள்.

2024ஆம் ஆண்டு ஆகஸ்ட் பள்ளி விடுமுறையில் புத்தளத்திலிருந்து மாத்தளைக்குப் போனோம். நானும் கணவரும், மாமியும், எங்கள் மூன்று பிள்ளைகளும். பிள்ளைகளுக்குச் சிகிரியாக் குன்றைக் காட்ட வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. சிகிரியாவும் தம்புள்ளையும் மாத்தளை மாவட்டத்தில்தான் இருக்கின்றன. ஆனால் அவற்றின் அருகே ஹோட்டல் அறைகளுக்குச் சொன்ன கட்டணத்தைக் கேட்டுக் கணவர் போனை மெல்ல வைத்துவிட்டார். அங்கே இரண்டு அறைக்கு ஓர் இரவுக்குக் கேட்ட பணத்தில், மாத்தளை நகரின் நடுவே ஒரு மாடி வீடு மூன்று இரவுக்குக் கிடைத்தது. கீழே கடைகள், மேலே இரண்டு அறை, ஒரு கூடம், ஒரு குசினி. வீட்டுக்காரர் சிங்களவர். நாங்கள் கேட்கும் முன்பே கிப்லா எந்தப் பக்கம் என்று கை நீட்டிக் காட்டினார். எங்களுக்கு முன்னே வந்து தங்கிய யாரோ சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

நகரின் நடுவே தங்குவதில் உள்ள வசதி பெண்களுக்குத்தான் அதிகம் புரியும். பஸ் நிலையம் நடை தூரம். பாண் வாங்கவும், பிள்ளைக்குக் காய்ச்சல் மருந்து வாங்கவும் படியிறங்கினால் போதும். வாகனம் பிடிக்க வேண்டியதில்லை. பாங்கு சத்தம் ஜன்னல் வழியே வந்தது. மாத்தளை மிளகுக்கும் ஏலத்துக்கும் கராம்புக்கும் சாதிக்காய்க்கும் பெயர் பெற்ற ஊர். கடைத்தெருவில் நடந்தாலே அந்த வாசனை கூட வரும்.

இது வழிப்போக்கர்களுக்குப் பழகிய ஊரும்கூட. கண்டியிலிருந்து ரயில் இங்கே வந்தது 1880இல். அதற்கு முன் கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் மன்னார்ப் பக்கம் கரையிறங்கி, காட்டு வழியே தம்புள்ளையைக் கடந்து, நடந்தே மாத்தளை சேர்ந்தார்கள். பெண்களும் குழந்தைகளும் அந்த நடையில் இருந்தார்கள். பசியிலும் நோயிலும் வழியிலேயே மடிந்தவர்கள் பலர். தம்புள்ளைக்கும் மாத்தளைக்கும் இடையே உள்ள சுமார் 45 கிலோமீட்டரை நாம் இன்று பஸ்ஸில் உட்கார்ந்தே கடந்துவிடுகிறோம். ஒதுங்க ஒரு கூரையும், பூட்டிக்கொள்ள ஒரு கதவும் கிடைப்பது எவ்வளவு பெரிய நிஃமத் என்பதை அப்போது நினைத்துக்கொண்டேன்.

ஆனால் குசினி உள்ள வீட்டில் இன்னொரு சங்கதி இருக்கிறது. குசினி இருந்தால் அங்கே ஒரு பெண் நிற்க வேண்டும் என்பது நம் வீடுகளின் எழுதாத சட்டம். போய் இறங்கிய அன்று மாலையே மாமியும் நானும் அடுப்படியில் நின்றோம். மறுநாள் விடியலில் சமைத்து வைத்துவிட்டு அளுவிகாரைக்குப் போனோம். வந்ததும் மறுபடி உலை. கூடத்தில் மற்றவர்கள் கால் நீட்டிப் படுத்திருந்தார்கள். அன்றிரவு மாமி சொன்னார்:

"நாளைக்கு நீங்க போய்ட்டு வாங்க மகன். நான் இங்க நின்டு சோறாக்கி வெக்கிறன்."

மாமிக்கு அறுபத்தாறு வயது. சிகிரியாவைப் படத்தில் மட்டுமே பார்த்தவர். கணவர் "சரி உம்மா" என்று சொல்லப் போனார். மஃரிபையும் இஷாவையும் ஜம்உ செய்து, இஷாவைக் கஸ்ராகத் தொழுது முடித்திருந்த நேரம் அது. நான் கேட்டேன்.

"இப்ப இஷா எத்தன ரக்அத் தொழுதீங்க?"

"ரெண்டு."

"வீட்டுல?"

"நாலு."

"பயணத்துல தொழுகையவே அல்லாஹ் லேசாக்கித் தந்திருக்கான். குசினிக்கு மட்டும் கஸ்ர் இல்லையா?"

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, தாயின் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் கீழே இறங்கிப் போய், விடியலில் வாங்க வேண்டிய இடியப்பத்துக்கும் சம்பலுக்கும் சொல்லிவிட்டு வந்தார். பகலுக்குப் பாணும் வாழைப்பழமும். பிளேன்டீக் கோப்பைகளைக் கழுவுவது பெரிய மகன் பொறுப்பு என்றானது.

மாமி சிகிரியாவுக்கு வந்தார். சுமார் 200 மீட்டர் உயரக் குன்று; ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். முழங்கால் வலியால் அவர் ஏறவில்லை. கணவர் தாயோடு கீழே நீர்ப் பூங்காவில் இருந்துகொண்டார். நான் பிள்ளைகளோடு ஏறினேன். ஐந்தாம் நூற்றாண்டில் காசியப்பன் கட்டிய அரண்மனைக்கு ஏறும் வழியில் கண்ணாடிச் சுவர் என்று ஒன்று இருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இங்கே வந்து பார்த்தவர்கள் அதில் கவிதைகள் கீறி வைத்திருக்கிறார்கள். தொல்லியல் அறிஞர் பரணவிதான அவற்றில் 685ஐப் படித்து 1956இல் நூலாக்கினார். எழுதியவர்களில் பெண்களும் உண்டு. அந்தப் பெண்கள் எங்கே தங்கினார்களோ, அன்று அவர்களுக்கு உலை வைத்தது யாரோ!

இறங்கி வந்தபோது மாமி சொன்னார்: "இவ்வளவு பெரிய கல்ல இவ்வளவு காலமும் எனக்கு ஒருத்தரும் காட்டல்லயே."

பயணத்துக்கு வீடு எடுக்க நினைக்கும் சகோதரிகளுக்குச் சில வார்த்தைகள். முற்பணம் கொடுக்கும் முன் எத்தனை படிகள் ஏற வேண்டும் என்று கேளுங்கள். வயதானவர்களுக்கு அதுதான் முதல் கணக்கு. குளியலறை வீட்டுக்குள்ளே இருக்கிறதா, தண்ணீர் நாள் முழுதும் வருமா, கேஸ் சிலிண்டர் யார் செலவு, ஜன்னல்களுக்குத் திரை உண்டா, கதவு உள்ளிருந்து பூட்டுமா என்று கேளுங்கள். வாடகையில் மின்சாரம் அடக்கமா என்பதையும் விட்டுவிடாதீர்கள். முஸல்லாவும், சிறிய கத்தியும், கொஞ்சம் உப்பும் மிளகாய்த்தூளும் பையில் இருக்கட்டும். நல்ல பாத்திரம் கிடைக்காத இடத்தில் முட்டை அவித்தால் போதும். ஒரு நேரம் அடுப்பு, மற்ற நேரம் கடை என்று வீட்டில் இருக்கும்போதே பேசி முடித்துவிடுங்கள். போய் இறங்கிய பின் பேசினால் பேச்சு அடுப்படியிலேயே நின்றுவிடும்.

நாயகம் (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கையில் வீட்டு வேலைகளில் துணையாக இருந்தார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். வீட்டிலேயே அப்படியென்றால், பயணத்தில் கோப்பை கழுவும் மகனுக்கு வெட்கம் எதற்கு?

கஸ்ர் ஊர் திரும்பும் வரைக்கும்தான். வீடு வந்ததும் முழுத் தொழுகையும் முழுச் சமையலும் காத்திருக்கும். அந்த மூன்று நாளாவது நம் தாய்மார்களின் கைகளுக்கு ஓய்வு கிடைக்கட்டும்.