ஆயுளுக்கும் போதும் என்ற ஆயில்

புல் வெட்டும் வண்டியின் கையேட்டில் பின் அச்சைப் பற்றி ஒரு வரிதான் இருக்கிறது. சீல் செய்யப்பட்டது, பராமரிப்பு தேவையில்லை, ஆயில் ஆயுளுக்கும் போதும். யாருடைய ஆயுளுக்கு?

நெய்வேலி முதலாம் சுரங்கத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் பராமரிப்பு வேலை பார்த்தவன் நான். அங்கே ஆயுளுக்கும் என்ற பேச்சே கிடையாது. 1957-ல் நேரு வந்து தொடங்கி வைத்த சுரங்கம். 1961-ல்தான் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது. நடுவில் இருந்ததெல்லாம் மேல்மண். மண் என்று பேர், பாதி கடலூர் மணற்பாறை. ஜெர்மன்காரன் கொடுத்த பக்கெட் வீலின் பற்களையே தேய்த்துத் தின்ற பாறை. அந்தத் தூசி புகாத இடமில்லை. அதனால் கியர்பாக்ஸ் ஆயிலைக் குப்பியில் பிடித்து லேபுக்கு அனுப்புவோம். இரும்பு கூடினால் கியர் பல் தேய்கிறது. சிலிக்கான் கூடினால் எங்கோ சீல் போய் மண் இறங்குகிறது. ஆயில் எந்திரத்தின் ரத்தம் என்பார்கள். எனக்கென்னவோ அது மூத்திரம் மாதிரி. டாக்டர் முதலில் கேட்பது அதைத்தானே.

வண்டியை ஓட்டும் தம்பி எங்கள் வட்டத்துக்குப் பக்கத்து வட்டம். ஒப்பந்தத் தொழிலாளி. "காலைல நல்லாத்தான் போவுது சார். பத்து மணிக்கு மேல மேட்டுல ஏற மாட்டேங்குது. இன்ஜின் ஓடுது, வண்டி நவுரல." ஒப்பந்தக்காரர் வண்டியைக் கண்டம் பண்ணிவிட்டு ஆளுக்கொரு பிரஷ் கட்டர் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார். அதைத் தோளில் மாட்டிக்கொண்டு நாள் முழுக்க நிற்க இவன் முதுகு இடம் கொடுக்காது. இடுப்பில் ஆபரேஷன் ஆனவன்.

இந்த வண்டியில் கிளட்ச் கிடையாது, மாற்றிப் போட கியரும் கிடையாது. பெல்ட் ஒரு பம்பைச் சுற்றுகிறது, பம்பின் பிஸ்டன்கள் ஆயிலைத் தள்ளுகின்றன, அந்த ஆயில் மோட்டாரைச் சுற்றுகிறது, மோட்டார் பல்சக்கரம் வழியாக அச்சைச் சுற்றுகிறது. சுரங்கத்தில் ஹைட்ராலிக்குக்கு ஒரு ஆயில், கியருக்கு வேறு ஆயில். இதில் எல்லாம் ஒரே பெட்டி, ஒரே ஆயில். பல்சக்கரம் உதிர்க்கும் பொடி, மயிரிழை இடைவெளியில் ஓடும் பிஸ்டனுக்கும் போகிறது. ஆயில் கிழடாகிச் சூட்டில் தண்ணீராய் இளகினால் இடைவெளி வழியாக நழுவிவிடும். அழுத்தம் எங்கிருந்து வரும்? காலையில் போகும், பத்து மணிக்கு நிற்கும்.

சீல் என்றால் வேறொன்றுமில்லை, வடிக்க அடியில் போல்ட் வைக்கவில்லை, அவ்வளவுதான். வண்டியைத் தூக்கி நிறுத்தி, சக்கரம், பெல்ட், பிரேக் கம்பி எல்லாம் கழற்றி, பெட்டியை முழுசாக இறக்கினோம். குளிர்விக்கும் விசிறிக்கும் பெட்டிக்கும் நடுவில் புல்லும் மண்ணும் வறட்டி மாதிரி அப்பியிருந்தது. பாதி நோய் அதுதான். வெளியே சுத்தமாகக் கழுவாமல் மேல் மூடியைத் திறக்கக் கூடாது. பிறகு காற்றுத் துளை வழியாகத் தலைகீழாகக் கவிழ்த்து ராத்திரி முழுக்க விட்டோம். காலையில் தட்டில் கறுப்பு. சாய்த்தால் வெயிலில் மினுமினுப்பு. "ஜரிகை மாதிரி இருக்கு சார்" என்றான். இரும்பு, தம்பி.

அச்சைச் செய்தவர்களின் சர்வீஸ் கையேடு கேட்பது 20டபிள்யூ-50 என்ஜின் ஆயில். மெயின் பஜாரில் கேட்டால் கிடைக்கும். ஊற்றுவது சுலபம், காற்றை எடுப்பதில்தான் பொறுமை வேண்டும். பின் சக்கரங்கள் தரையில் படாமல் தூக்கி, பைபாஸ் லீவரைத் திறந்து வைத்து, முன்னும் பின்னும் மெதுவாக ஐந்தாறு தடவை. மூடிவிட்டு மறுபடி அதே. நடுநடுவே அளவு பார்த்து ஊற்ற வேண்டும். முதலில் நுரைத்து மோர் மாதிரி வெளுக்கும், முனகும். முனகல் அடங்கினால் சரி.

தேய்ந்த பம்பைப் புது ஆயில் புதுசாக்காது. அதை அவனிடமும் ஒப்பந்தக்காரரிடமும் முதலிலேயே சொல்லியிருந்தேன். மே மாத வெயிலில், மதியம் பன்னிரண்டு மணிக்கு மைதானத்து மேட்டில் ஏற்றச் சொன்னேன். முதல் இரண்டு சுற்று தயங்காமல் ஏறியது. மூன்றாவதில் கொஞ்சம் திணறியது, ஆனால் ஏறியது. இந்த வருஷம் ஓடட்டும் என்றார் ஒப்பந்தக்காரர்.

இப்போது சாப்பாட்டு நேரத்தில் தினமும் விசிறியில் அடைந்த புல்லைப் பிடுங்குகிறான். மட்கார்டின் உள்பக்கம் வெள்ளை பெயின்டில் தேதியும் மணி மீட்டர் எண்ணும் எழுதியிருக்கிறான். கீழே இன்னும் நாலு வரிக்கு இடம் விட்டிருக்கிறான்.