சிவப்பு வண்டிக்குக் காவல்

நாற்பத்தேழு வயது வரையில் ஒரு சைக்கிளுக்கு மேல் எந்த வாகனத்துக்கும் நாம் எஜமானராக இருந்ததில்லை. அந்தச் சைக்கிளையும் திருடுவதற்கு ஒருவரும் முன்வந்ததில்லை. பள்ளிக்கூட வாசலில் காலையில் பூட்டாமல் விட்டால், மாலையில் அதே இடத்தில் பரம விசுவாசத்துடன் நின்றுகொண்டிருக்கும். இப்பேர்ப்பட்ட நாம் சமீபத்தில் மூன்று மாத காலம் ஒரு ஸ்போர்ட்ஸ் காருக்குக் காவற்காரராக இருந்தோம் என்றால் நேயர்கள் நம்ப மாட்டார்கள். நம் வீட்டு அம்மாளே முதலில் நம்பவில்லை.

காருக்கு உடையவன் அவளுடைய தம்பி. கம்ப்யூட்டர் உத்தியோகம், கை நிறையச் சம்பளம், கல்யாணம் மட்டும் ஆகவில்லை. கம்பெனியார் அவனைச் சிங்கப்பூருக்கு அனுப்பவே, ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தான். இரண்டே ஆசனம், மடக்கி வைக்கும் துணிக்கூரை, குங்குமச் சிவப்பு. "அத்தான்! உங்கள் போர்டிகோ சும்மாத்தானே கிடக்கிறது? வண்டி மூன்று மாதம் இங்கே இருக்கட்டும். வாரத்துக்கு ஒரு தரம் இஞ்சினை ஓட விட்டால் போதும்" என்று சொல்லி இரண்டு சாவிகளையும் நம் கையில் வைத்துவிட்டு விமானம் ஏறிவிட்டான்.

நாம் குடியிருப்பது ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு குறுக்குத் தெரு. சிதம்பரத்தில் சர்வகலாசாலை கண்ட ராஜா ஸர் அண்ணாமலைச் செட்டியாரின் பெயரைத் தாங்கிய பேட்டை இது. இங்கே பல தெருக்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். முதல் மெயின் ரோடு, மூன்றாவது குறுக்குத் தெரு என்று கணக்குப் பாடம் போல் போகும். புதிதாக வருகிறவர்கள் வழி தவறாமல் வீடு வந்து சேர்வதே அபூர்வம். ஆனால் சிவப்பு வண்டி வந்த மறுநாளே நம் வீட்டுக்கு வழி கேட்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லாமற் போயிற்று. சிறுவர்கள் கூட்டமாக வந்து கேட்டின் வழியே எட்டிப் பார்த்தார்கள்.

இதில் ஆச்சரியமும் இல்லை. சென்னை வாசிகளுக்கு வேகத்தில் உள்ள மோகம் பழையது. யுத்த காலத்து விமான ஓடுபாதையாக இருந்த சோழவரத்தில் பல வருஷங்கள் மோட்டார்ப் பந்தயம் நடந்தது. பிறகு 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் அதற்கென்றே ஒரு பாதை ஏற்பட்டது. 2024-ம் ஆண்டு ஆகஸ்ட் முடிவில் தீவுத்திடலைச் சுற்றி இரவு வெளிச்சத்தில் தெருவிலேயே பந்தயம் விட்டார்கள். ஆனால், ஊரார் கண்ணெல்லாம் எந்தப் பொருளின் மேல் விழுகிறதோ, அதன் மேல் திருடன் கண்ணும் விழத்தானே செய்யும்? அந்த நினைவு வந்த இரவிலிருந்து நமக்குத் தூக்கம் போய்விட்டது.

போதாக்குறைக்குப் பத்திரிகைச் செய்தி ஒன்றும் ஞாபகத்துக்கு வந்தது. 2025-ம் ஆண்டு ஜூன் மாதம் அண்ணாநகரில் விலையுயர்ந்த கார் ஒன்று களவு போயிற்று. போலீஸார் காமிராப் படங்களைக் கொண்டு துப்புத் துலக்கி, ராஜஸ்தானத்தைச் சேர்ந்த ஒருவரைப் புதுச்சேரியில் கைது செய்தார்கள். அவர் பல மாநிலங்களில் கார்த் திருட்டுக் குற்றம் சாட்டப்பட்டவர் என்றும், எம்.பி.ஏ. பட்டதாரி என்றும் பத்திரிகைகள் எழுதின. நாமும் பட்டதாரி, ஆகையால் அந்தக் கடைசி விவரம் நம்மைச் சற்று உறுத்தியது. பிறகு அதை மறந்துவிட்டோம். மறந்தது எவ்வளவு பெரிய பிசகு என்பது பின்னால் தெரியும்.

உபாத்தியாயர் பயந்தால் என்ன செய்வார்? புஸ்தகம் படிப்பார். நாமும் படித்தோம். படித்ததன் சாரம் இது:

இந்தக் காலத்து வண்டிச் சாவி துவாரத்தில் நுழைக்கும் சாவியே அல்ல. கூழாங்கல் போன்ற ஒரு வஸ்து. சட்டைப் பையில் கிடந்தால் போதும். வண்டி மெல்லிய ரேடியோ அலையில், "யார் அங்கே?" என்று கேட்கிறது. சாவி, "நான்தான்" என்று ரகசியச் சொல்லால் பதில் அளிக்கிறது. உடனே கதவு திறக்கிறது. பொத்தானை அமுக்கினால் இஞ்சின் உயிர் பெறுகிறது. இந்தச் சம்பாஷணை ஓரிரு கஜ தூரத்துக்குள்ளேதான் நடக்கும். ஆனால் திருடர்கள் இருவராக வருகிறார்கள். ஒருவன் வண்டியருகில் நிற்க, மற்றவன் ஒரு கருவியுடன் வீட்டு வாசற்கதவின் அருகில் நின்று, உள்ளே ஆணியில் தொங்கும் சாவியின் குரலை வாங்கி வண்டிக்கு எட்டச் செய்கிறான். எஜமான் பக்கத்தில் இருப்பதாகவே வண்டி ஏமாந்துவிடுகிறது. இஞ்சின் ஒரு முறை ஓடத் தொடங்கிவிட்டால், சாவி தூரத்தில் போய்விட்டது என்பதற்காக நடுவழியில் நின்றுவிடாது. அப்படி நின்றால் விபத்து நேரும் அல்லவா?

1998 முதல் ஐரோப்பாவில், சரியான சாவி இல்லாவிட்டால் இஞ்சினை ஓடவிடாத மின்பூட்டுப் புதிய கார்களுக்குக் கட்டாயமாயிற்று. கம்பியோடு கம்பியை ஒட்டி வண்டியைக் கிளப்பும் பழைய வித்தை அதனால் பெரும்பாலும் ஒழிந்தது. வித்தை ஒழிந்ததே தவிர, திருடன் ஒழியவில்லை. 2022-ம் ஆண்டு லண்டனில் ஒரு கம்ப்யூட்டர் பாதுகாப்பு நிபுணரின் காரையே திருடிவிட்டார்கள். முன்விளக்கின் பின்னால் ஓடும் கம்பிகளில் ஒரு கருவியைச் சேர்த்து, உண்மையான சாவி வந்துவிட்டதாக வண்டிக்குப் பொய்த் தகவல் கொடுத்த திருட்டு அது. அதற்கு முன்பே இரண்டு தடவை அவருடைய வண்டியின் முன்பக்கம் கழன்று கிடந்ததாம். யாரோ போக்கிரிகளின் வேலை என்று அவர் எண்ணிவிட்டார். ஆகையால் நேயர்களே, உங்கள் வண்டியின் முன்விளக்கோ பம்பரோ காரணமின்றி ஆட்டம் கண்டிருந்தால் அலட்சியம் செய்யாதீர்கள்.

இவ்வளவும் தெரிந்துகொண்ட பிறகு நாம் சும்மா இருப்போமா? சாவிகள் இரண்டையும் ஆணியிலிருந்து எடுத்து, மூடி இறுக்கமான பிஸ்கோத்து டப்பாவில் போட்டோம். உலோகம் ரேடியோ அலையைத் தடுக்கும். ஆயினும் எல்லா டப்பாவும் தடுத்துவிடும் என்று நம்பலாகாது. டப்பாவும் கையுமாக வண்டியருகில் நின்று கதவைத் திறந்து பார்க்க வேண்டும். நம் முதல் டப்பாவுக்குக் கதவு திறந்துகொண்டது; இரண்டாவது டப்பாதான் பரீட்சையில் தேறியது. அடுத்தபடியாக, திருப்பு சக்கரத்துக்குக் குறுக்கே மாட்டும் இரும்புத் தடி ஒன்று வாங்கினோம். ரேடியோ வித்தை எதுவும் அதனிடம் பலிக்காது, அறுக்கத்தான் வேண்டும். அறுத்தால் நேரம் ஆகும், சப்தமும் கேட்கும். திருடனுக்கு ஆகாதவை அந்த இரண்டுந்தான். கேட்டுக்குப் புதுப் பூட்டு, வண்டிக்கு உறை, போர்டிகோவில் இரவெல்லாம் விளக்கு.

துணிக்கூரைக்கு மட்டும் உபாயம் இல்லை. பேனாக் கத்தி போதும் அதைக் கிழிப்பதற்கு. அதற்கு ஒரே காப்பு, உள்ளே ஒன்றும் இல்லாமல் இருப்பதுதான். ஒரு பையோ, பழைய சட்டையோ தென்பட்டாலும் திருடன் அதற்குள் பொக்கிஷம் இருப்பதாகக் கற்பனை செய்துகொள்வான். "வண்டிக்குள் ஒரு துரும்பும் இருக்கக் கூடாது" என்று வீட்டில் எல்லோருக்கும் உத்தரவு போட்டோம்.

அந்த உத்தரவை மீறியவர் யார் என்று நேயர்கள் ஊகித்திருக்கலாம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறோம். வாரம் ஒரு முறை இஞ்சினை ஓட விடப் போன நாம், நாளடைவில் தினந்தோறும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்த மெத்தென்ற ஆசனத்தில் போய் உட்கார ஆரம்பித்தோம். உள்விளக்கு வெளிச்சத்தில் விடைத்தாள் திருத்துவோம். வண்டி ஓடவில்லை, ஆனாலும் நாம் எங்கோ போய்க்கொண்டிருப்பதாக ஒரு பிரமை. அப்படி ஒரு நாள் தூக்கக் கலக்கத்தில் இறங்கி வந்தபோது, ஒன்பதாம் வகுப்பின் முப்பத்தெட்டு விடைத்தாள்கள் அடங்கிய தோல் பை ஆசனத்திலேயே தங்கிவிட்டது.

காலையில் பார்த்தால் உறை தரையில் கிடந்தது. கூரை ஒரு முழ நீளத்துக்குக் கிழிந்திருந்தது. பையைக் காணோம். இரும்புத் தடியும் டப்பாச் சாவியும் தங்கள் கடமையைச் சரிவரச் செய்திருந்தன. வண்டி இருந்த இடத்திலேயே இருந்தது.

தெருவில் பல வீட்டு வண்டிகளைத் துடைக்கும் பெரியவர் ஒருவர் உண்டு. அறுபது வயதுக்கு மேலிருக்கும். தினந்தோறும் காலையில் நம்மிடம் சாவியை வாங்கி, வண்டியை உள்ளும் புறமும் துடைத்துவிட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுப்பார். அன்றைக்கென்று அவர் வரவில்லை. நாம் தகவல் கொடுத்து வந்த போலீஸ்காரர், "யார் மேலாவது சந்தேகம் உண்டா, சார்?" என்று மரியாதையாகத்தான் கேட்டார். "சந்தேகம் என்று சொல்வதற்கில்லை, ஆனால்..." என்று ஆரம்பித்தோம். அந்த 'ஆனால்' போதுமானதாக இருந்தது. பெரியவர் காலை பத்து மணி முதல் மாலை நான்கு மணி வரையில் ஸ்டேஷன் பெஞ்சியில் உட்கார்ந்திருந்தார். காலையில் அவர் வராததற்குக் காரணம், பேரனைக் காய்ச்சலோடு எழும்பூர்க் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தது.

நடுப்பகலில் நம் வீட்டு அம்மாள் ஒரு கேள்வி கேட்டாள். "தினமும் சாவியைக் கையில் வாங்குகிற மனுஷர், கூரையை எதற்காகக் கிழிக்க வேண்டும்?"

இருபத்திரண்டு வருஷமாகப் பிள்ளைகளுக்குத் தர்க்கமும் கணிதமும் போதித்து வரும் நமக்கு இந்தக் கேள்வி தோன்றவில்லை. திருட்டுக் குற்றம் சாட்டப்பட்டவர் பட்டதாரி என்று படித்த பிறகும், நம் மனம் போய் நின்ற இடம் படிக்காத ஏழையின் வாசல்தான். மாலையில் எதிர்வீட்டுக் காமிராப் படம் வந்தது. சென்னையில் போலீஸார் 'மூன்றாவது கண்' என்று பெயரிட்டுத் தெருவெங்கும் காமிரா வைக்கச் சொன்ன காலத்தில் எதிர்வீட்டார் மாட்டியது அது. இரவு இரண்டே முக்கால் மணிக்கு மோட்டார் சைக்கிளில் இரண்டு இளைஞர்கள் வந்து, ஒருவன் மதிலேறிக் குதித்து, இரண்டு நிமிஷத்துக்குள் பையுடன் திரும்பியது அதில் தெளிவாகத் தெரிந்தது.

சிங்கப்பூரிலிருந்து மைத்துனன் கோபிக்கவில்லை. இன்ஷூரன்ஸ் விஷயத்தைத்தான் சொன்னான். சட்டப்படி கட்டாயமான மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு வண்டி களவு போனால் ஒரு தம்பிடி கிடைக்காது. அவன் முழு இன்ஷூரன்ஸ் எடுத்திருந்தபடியால் கூரைக்குப் பணம் கிடைக்கும், பைக்குக் கிடைக்காது. வண்டியே போயிருந்தால் இரண்டு சாவிகளையும் கேட்பார்கள். ஒன்று குறைந்தாலும் ஆயிரம் கேள்வி வரும். எதற்கும் முதலில் போலீஸாரிடம் உடனே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அப்படிக் கொடுத்திருந்தால், இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல் சொல்லத் தாமதமான ஒரே காரணத்துக்காக நஷ்ட ஈட்டை மறுக்கலாகாது என்று 2020-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புக் கூறியிருக்கிறது.

வகுப்பில் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, பரீட்சையை மறுபடி வைத்தோம். முதல் தடவை நன்றாக எழுதியிருந்த பெண் ஒருத்தி, "நான் திரும்பவும் எழுதணுமா, சார்?" என்று கேட்டாள். "ஆம்" என்பதைத் தவிர அவளுக்குச் சொல்ல நம்மிடம் வேறு பதில் இல்லை.

பெரியவர் வீட்டுக்கும் போனோம். பட்டினப்பாக்கத்தில் ஒற்றை அறை. "தப்பு எங்களுடையது" என்றோம். "பரவாயில்லீங்க, சார். வண்டி போகலையே" என்றார். பேரனுக்கு உடம்பு தேறியதும் வேலைக்கு வந்தார். வழக்கம் போல் சாவியை நீட்டினோம். அவர் கைகளைத் துண்டில் துடைத்துக்கொண்டு இரண்டடி பின்னால் நின்றார்.

"நீங்களே தொறந்து விடுங்க, சார். சாவி என் கையிலே வேணாம்."

மைத்துனன் திரும்பி வந்து வண்டியை எடுத்துப் போய்விட்டான். போர்டிகோவில் இப்போது நம் சைக்கிள் நிற்கிறது. பெரியவர் தெருவில் மற்ற வண்டிகளைத் துடைக்கையில் நம்மைக் கண்டால் வணக்கம் சொல்கிறார்; நாமும் சொல்கிறோம். வண்டி வைத்திருக்கும் நேயர்களுக்கு நாம் சொல்லக் கூடியது இதுதான்: சாவியை டப்பாவில் வையுங்கள், டப்பாவைப் பரீட்சை செய்யுங்கள், திருப்பு சக்கரத்துக்குத் தடி போடுங்கள், உள்ளே ஒரு துரும்பும் வைக்காதீர்கள், களவு நடந்தால் உடனே போலீஸாரிடம் சொல்லுங்கள். ஆனால், "யார் மேல் சந்தேகம்?" என்று அவர்கள் கேட்கும்போது, உங்களுக்குத் தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள். கிழிந்த கூரையைத் தைத்துக் கொடுக்க ஆள் கிடைத்தான். மற்றதற்குத்தான் ஒருவரும் அகப்படவில்லை.