எகிப்து: அடிமை வீடும் அடைக்கல வீடும்

பாஸ்கா திருவிழிப்பு இரவில் செங்கடல் பிளந்த வரலாற்றை ஆண்டுதோறும் கேட்கிறோம். பார்வோனின் தேர்களும் வீரர்களும் நீரில் அமிழ்கின்றனர். இதனால் எகிப்து என்றாலே அடிமைத்தனம், பாவம் எனப் பொருள்கொள்ள நம் உள்ளம் பழகிவிடுகிறது. ஆனால் இறைவாக்கினர்கள் அவ்வளவோடு நின்றுவிடவில்லை.

அவர்கள் எகிப்தைக் கண்டித்தது உண்மையே. எனினும் அக்கண்டனம் பலமுறை யூதாவை நோக்கியே திரும்பியது. கி.மு. எட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அசீரியப் பேரரசு நெருங்கியபோது, எருசலேமின் அவையினர் எகிப்தின் தேர்ப்படையை நாடினர். ஆண்டவரை மறந்து குதிரைகளை நம்பிய அந்த மனத்தையே எசாயா சாடினார். பிற்காலத்தில் எசேக்கியேல் எகிப்தை நாணற்கோலுக்கு ஒப்பிட்டார். சாய்ந்தால் முறிந்து, சாய்ந்தவரையே காயப்படுத்தும் கோல் அது. இங்கே எகிப்து ஒரு நாட்டின் பெயர் மட்டுமன்று. போலிப் பாதுகாப்பின் பெயரும் ஆகும்.

ஆயினும் எசாயா நூலின் 19ஆம் அதிகாரம் நம்மைத் திகைக்க வைக்கிறது. தண்டனைச் சொற்களோடு தொடங்கும் அது, எகிப்தின் நடுவே ஆண்டவருக்குப் பலிபீடம் எழும் என்கிறது. ஒருகாலத்தில் இஸ்ரயேலர் கூக்குரலிட்டதுபோல் இனி எகிப்தியர் கூக்குரலிடுவர்; ஆண்டவர் அவர்களுக்கும் மீட்பரை அனுப்புவார். விடுதலைப் பயணம் எகிப்தியருக்கும் உரியதாகிறது! எகிப்துக்கும் அசீரியாவுக்கும் இடையே நெடுஞ்சாலை அமையும். பகைவர் இருவரும் இஸ்ரயேலோடு சேர்ந்து ஆசி பெறுவர். தம் மக்கள் என்னும் உறவுப் பெயரை ஆண்டவர் எகிப்துக்கே சூட்டுகிறார்.

நற்செய்தியாளர் மத்தேயு இதனை மேலும் ஒளிர்விக்கிறார். முன்பு பார்வோன் எபிரேயக் குழந்தைகளைக் கொல்லப் பணித்தான்; இப்போது அதைச் செய்பவன் யூதேயாவை ஆளும் ஏரோது. குழந்தை இயேசுவுக்கு அடைக்கலம் தருவதோ எகிப்து.

2015ஆம் ஆண்டு லிபியக் கடற்கரையில் 21 தொழிலாளர்கள் விசுவாசத்திற்காகக் கொல்லப்பட்டனர். அவர்களுள் 20 பேர் எகிப்தின் காப்டிக் கிறிஸ்தவர்கள். 2023ஆம் ஆண்டு திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களை உரோமை மறைசாட்சியர் நூலில் சேர்த்தார். பார்வோனின் மண் பெற்ற பிள்ளைகளை இன்று கத்தோலிக்கத் திருச்சபையும் மறைசாட்சியராக நினைவுகூர்கிறது.

எனவே ஒரு மக்களினத்தையோ, அடுத்த தெருவினரையோ தீமையின் நிலையான அடையாளமாக்கும்போது, நாம் அந்த அதிகாரத்தைப் பாதியிலேயே மூடிவிடுகிறோம். போலிப் பாதுகாப்பைத் தேடும் எகிப்து நம் உள்ளத்திலும் உண்டு. அதை விட்டு வெளியேறுவோம். நாம் பகைவர் என எண்ணுவோரையோ, ஆண்டவர் தம் மக்கள் என அழைக்கக்கூடும். அவர் அழைப்பதற்கு முன்னரே அவர்களுக்கு நாம் பெயர் சூட்டிவிடாதிருப்போம்.