ஐந்தாவது சுற்றில் கூட்டாளி கிடையாது

சங்கு ஊதினால் நம்மூரில் ஒன்று கோயிலில் பூஜை, இல்லையென்றால் யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று அர்த்தம். அமெரிக்காவில் டென்னஸி மாநிலத்து மலைக்காட்டில் வருடத்துக்கு ஒருமுறை ஊதுகிற சங்கு இரண்டாவது வகைக்குத்தான் கொஞ்சம் நெருக்கம். நடுராத்திரியோ விடிகாலையோ, எப்போது ஊதுவார்கள் என்று ஓட வந்தவர்களுக்கே தெரியாது. ஊதி ஒரு மணி நேரம் கழித்து ஓட்டம் தொடங்கும். துப்பாக்கி வெடிப்பது, கொடி அசைப்பது எல்லாம் கிடையாது. நடத்துகிற ஆள் ஒரு சிகரெட்டைப் பற்ற வைப்பார். அவ்வளவுதான்... கிளம்பு!

பெயர் பார்க்லி மாரத்தான். இடம் ஃப்ரோஸன் ஹெட் மாநிலப் பூங்கா. 1986-ல் ஆரம்பித்தது. ஐந்து சுற்று, கணக்குப்படி மொத்தம் 100 மைல், அதாவது 160 கிலோமீட்டர். ஓடியவர்கள் அதைவிட நிறையவே வரும் என்கிறார்கள். நேரம் 60 மணி. ஏறுகிற ஏற்றத்தையெல்லாம் கூட்டினால் ஏறத்தாழ 18,000 மீட்டர், எவரெஸ்ட்டை விட இரண்டு மடங்கு. முதல் முறை வருகிறவருக்குக் கட்டணம் 1.60 டாலரும், சொந்த ஊர் வண்டி நம்பர் பிளேட் ஒன்றும்! ஆனால் உள்ளே வர ஏறக்குறைய 40 பேருக்குத்தான் இடம்.

இந்தக் கிறுக்குத்தனத்துக்கு ஒரு பின்கதை உண்டு. மார்ட்டின் லூதர் கிங்கைச் சுட்டுக்கொன்ற ஜேம்ஸ் எர்ல் ரே, 1977 ஜூனில் அங்கேயிருந்த பிரஷி மவுண்டன் சிறையிலிருந்து தப்பித்தான். 54 மணி நேரத்துக்கு மேல் அந்தக் காட்டில் கிடந்தும் எட்டு மைல் தூரம்தான் போக முடிந்தது. 'அவ்வளவு நேரத்தில் எட்டு மைல்தானா, 100 மைலே போகலாமே' என்று நினைத்த கேரி கான்ட்ரெல்தான் இந்த ஓட்டத்தை உண்டாக்கியவர். லாஸரஸ் லேக் என்றால்தான் பலருக்குத் தெரியும். சிகரெட் பற்ற வைக்கிறவரும் இவர்தான்.

சரி, விஷயத்துக்கு வருவோம். இங்கே கால் வலிமையை விடக் கண்ணும் மூளையும்தான் முக்கியம். ஜிபிஎஸ் கூடாது. வரைபடமும் திசைகாட்டியும் மட்டும். பாதி வழிக்குப் பாதையே கிடையாது, முள்ளும் செங்குத்துச் சரிவும்தான். வழியில் அங்கங்கே பாறைக்கு அடியிலோ மரப்பொந்திலோ ஒரு புத்தகம் ஒளித்து வைத்திருப்பார்கள். சட்டையில் குத்திய எண் எதுவோ அந்தப் பக்கத்தைக் கிழித்து எடுத்து வர வேண்டும். ஒரு தாள் குறைந்தாலும் அந்தச் சுற்று செல்லாது.

அதனால்தான் எல்லோரும் ஜோடி சேர்கிறார்கள். ஒருவர் வரைபடத்தைப் பார்த்தால் இன்னொருவர் காலடியைப் பார்க்கலாம். மூடுபனியில் 'இந்த மேடுதானா?' என்று கேட்க ஒரு ஆள் இருக்கிறது. இரண்டாவது ராத்திரியில், தூக்கமில்லாமல் மரமெல்லாம் மனுஷனாகத் தெரிய ஆரம்பிக்கும்போது, 'அங்கே யாருமில்லை, வா' என்று சொல்ல ஒரு குரல். முதல் முறை வந்தவர்கள் அனுபவசாலிகளின் முதுகிலேயே ஒட்டிக்கொள்வார்கள். அனுபவசாலிகளுக்கு இது சுமை. எங்காவது வேகமெடுத்துக் கழற்றிவிடப் பார்ப்பார்கள். தோசைக்கல்லில் ஒட்டியதைச் சுரண்டி எடுப்பதைப் போல, இதற்கு அங்கே 'சுரண்டுவது' என்றே பெயர்! ஆனால் சம பலமுள்ள இருவர் சேர்ந்தால் கதையே வேறு. பயம் பாதியாகும், வேகம் குறையாது.

கனடாக்காரர் கேரி ராபின்ஸ் 2016-ல் முதல் முறை வந்தார். ஏற்கெனவே இரண்டு தடவை முடித்திருந்த ஜாரெட் காம்ப்பெல்லோடு சேர்ந்து ஓடினார். காம்ப்பெல் முடித்துவிட்டார். ராபின்ஸ் தனியாகப் போன ஐந்தாவது சுற்றில் நின்றுபோனார். அதே வருடம் ஐந்தாவது சுற்றில் விழுந்த இன்னொருவர் ஜான் கெல்லி. இவர் அந்த மலையடிவாரத்திலேயே வளர்ந்தவர். 2017 ஏப்ரல் 1, நள்ளிரவு தாண்டி ஓட்டம் தொடங்கியபோது, முந்தைய வருடம் தோற்ற இந்த இரண்டு பேரும் கூட்டுச் சேர்ந்தார்கள். சுற்றுக்குச் சுற்று, இரவும் பகலுமாகச் சேர்ந்தே ஓடி நான்கு முடிந்தது.

இங்கேதான் கான்ட்ரெலின் விதி ஒன்று குறுக்கே நிற்கிறது. ஐந்தாவது சுற்றில் முதலில் கிளம்புகிறவர் எந்தத் திசையில் போகிறாரோ, அடுத்தவர் அதற்கு எதிர்த்திசையில் போக வேண்டும். கூட்டாளி கிடையாது.

பி.காம். படிப்பவர்களுக்கு இந்த இடம் சிரிப்பை வரவழைக்கும். 1932-ம் வருட இந்தியக் கூட்டாண்மைச் சட்டத்தின் 42-வது பிரிவில் 'அட்வெஞ்சர்' என்ற வார்த்தையே வருகிறது. ஒரு குறிப்பிட்ட அட்வெஞ்சருக்காக உண்டான கூட்டு, அது முடிந்ததும் தானாகக் கலையும் என்கிறது சட்டம். பரீட்சைக்கு மனப்பாடம் செய்தபோது இப்படி ஓட்டத்துக்குப் பொருந்தும் என்று யார் நினைத்தார்கள்! ஆனால் கான்ட்ரெல் சட்டம் இன்னும் கொடூரம். முடிவதற்குச் சற்று முன்னால், கூட்டாளி மிகவும் தேவைப்படும் நேரமாகப் பார்த்துக் கலைக்கிறது.

இரண்டு நாள் தூக்கமில்லாத இருவர் எதிரெதிர்த் திசையில் பிரிந்து போனார்கள். மழை, குளிர், மேலே அடர்ந்த மூடுபனி. கெல்லி வழியில் கிடைத்த ஆரஞ்சு நிறத் தொப்பியையும் பிளாஸ்டிக் பையையும் மாட்டிக்கொண்டு குளிரைச் சமாளித்தார். 59 மணி 30 நிமிடம் 53 வினாடியில் முகாமின் மஞ்சள் கேட்டைத் தொட்டார். அந்த ஓட்டத்தை முழுதாக முடித்த பதினைந்தாவது மனிதர்.

ராபின்ஸுக்குக் கடைசிப் புத்தகமும் கிடைத்துவிட்டது. மிச்சம் இரண்டு மைல்தான். அந்த மூடுபனியில் ஒரு திருப்பம் தவறி, மலையின் தப்பான பக்கத்தில் இறங்கிவிட்டார். புரிந்தபோது ஏறித் திரும்ப நேரமில்லை. வெள்ளம் ஓடுகிற ஆற்றை நீந்திக் கடந்து, சாலையைப் பிடித்து, எல்லோரும் எதிர்பார்த்த பக்கத்துக்கு நேர் எதிர்ப் பக்கத்திலிருந்து ஓடி வந்தார். கேட்டைத் தொட்டுவிட்டு அப்படியே தரையில் சாய்ந்தார். கையில் எல்லாத் தாளும் இருந்தன. நேரம் 60 மணி 6 வினாடி.

ஆறு வினாடியில் தோற்றார் என்றுதான் உலகம் முழுக்கச் செய்தி போனது. கான்ட்ரெல் அதை மறுத்தார். வினாடி கணக்கே இல்லை, சரியான வழியில் இரண்டு மைல் குறைந்தது. ஆறு வினாடி முன்னால் வந்திருந்தாலும் முடித்ததாக ஆகாது என்றார். ராபின்ஸும் இதை ஒப்புக்கொண்டார். நியாயமான தீர்ப்புதான். ஆனாலும் 'இந்தப் பக்கம் இல்லையே' என்று பக்கத்தில் ஒரு குரல் இருந்திருந்தால்... கெல்லி மட்டும் தனியாக ஓடவில்லையா என்று கேட்கலாம். அவரும் தனியாகத்தான் ஓடினார், அதே மூடுபனியில். அந்தத் திருப்பம் அவருக்குக் கடைசி நேரத்தில் வரவில்லை, அவ்வளவுதான். திசை வேறு அல்லவா?

ராபின்ஸ் 2018-ல் மறுபடி வந்தார். படு மோசமான வானிலை. அந்த வருடம் மூன்று சுற்று முடித்தவர் அவர் ஒருவர்தான். ஆனால் நான்காவதற்குக் கிளம்ப வேண்டிய நேரம் சில நிமிடங்களில் தப்பிப்போனது. அதன்பிறகு 2022 வரை ஒருவர்கூட முடிக்கவில்லை. கெல்லி 2023-லும் 2024-லும் முடித்தார். 2024-ல் அவரோடு முடித்த நான்கு பேரில் ஜாஸ்மின் பாரிஸ், இதை முடித்த முதல் பெண். 60 மணி நேரத்தில் அவருக்கு மிச்சமிருந்தது 99 வினாடி. ஐந்தாவது சுற்றில் அவரும் தனியாகத்தான் வந்தார்.